உடைந்த கோரும் ஒரு முடியளவு இடைவெளியும்

கைதவறிக் கீழே விழுந்த வானொலிப் பெட்டியையோ டேப் ரிக்கார்டரையோ எடுத்ததும், அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். உள்ளே ஏதேனும் உருளும் ஓசை கேட்டுவிட்டால் போதும். "குடல் கழன்று போயிற்று, இனி இது தேறாது" என்று வீட்டுப் பெரியவர் தீர்ப்புக் கூறிவிடுவார். பெட்டி பரணுக்குப் போகும். சில காலம் கழித்துப் பழைய சாமான் வாங்குகிறவரின் தள்ளுவண்டிக்குப் போகும்.

அவ்வாறு உருளும் பொருள் பல வேளைகளில் ஒரு கரிய துண்டாக இருக்கும். பார்வைக்குக் கல், தொட்டால் பீங்கான், உடைந்த விளிம்பு விரலைக் கீறும். காந்தத்தை அருகில் கொண்டு சென்றால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். அதுவே டிரான்ஸ்பார்மர் எனப்படும் மின்மாற்றியின் உள்ளகத்திலிருந்து தெறித்த துண்டு. கடைத்தெருவில் அதனைக் 'கோர்' என்பார்கள். நாமும் அச்சொல்லையே வைத்துக்கொள்வோம்.

உடைந்த கோரை ஒட்டிவிடலாம். ஒட்டியதெல்லாம் உயிர்பெற்றுவிடுவதில்லை. ஒரே மாதிரி உடைந்து, ஒரே பசையால் ஒட்டப்பட்ட இரண்டு கோர்களுள் ஒன்று பழையபடி பல்லாண்டு உழைக்கும்; மற்றொன்று மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் பக்கத்திலுள்ள உறுப்புகளையும் எரித்துவிடும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. பழுதுநீக்கும் தொழிலைக் கற்பிப்பது நம் நோக்கமன்று. அது அதற்குரியவர்களின் வேலை. ஆயினும் உள்ளே நடப்பது இன்னதென்று பெட்டியைக் கொடுப்பவருக்கும் ஓரளவு தெரிந்திருந்தால், எதைச் செப்பனிடச் சொல்வது, எதைத் தயங்காமல் விட்டொழிப்பது என்று அவரே முடிவு செய்துகொள்ளலாம்.

மின்மாற்றியில் இரண்டு செப்புக்கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒன்றில் மின்சாரம் நுழைகிறது; மற்றொன்றிலிருந்து வேறு வோல்ட் அளவில் வெளியேறுகிறது. இரண்டு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு ஏதும் கிடையாது. முதற்சுருள் எழுப்பும் காந்தப்பாயத்தை ஏந்திச் சென்று இரண்டாம் சுருளிடம் சேர்ப்பது கோர்தான். மைக்கேல் ஃபாரடே 1831 ஆகஸ்ட் 29ஆம் நாள் லண்டனில் செய்து பார்த்த சோதனையில், ஆறு அங்குல விட்டமுள்ள தேனிரும்பு வளையமே அந்தப் பணியைச் செய்தது. வளையத்தின் ஒரு பக்கச் சுருளில் மின்னோட்டத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும், மறுபக்கச் சுருளோடு இணைத்த காந்தமுள் துடித்தது. 1885இல் புடாபெஸ்ட் நகரத்துக் கான்ஸ் தொழிற்சாலையின் பொறியாளர்களான சிப்பர்னோவ்ஸ்கி, பிளாத்தி, டேரி ஆகிய மூவரும் காந்தப்பாதை எங்கும் அறுபடாத மூடிய கோரை உருவாக்கினர். காந்தப்பாதை அறுபடக் கூடாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்ட உண்மை. நம் கதை முழுவதும் அந்த அறுபடலைப் பற்றியதே.

திண்ணிய இரும்புக் கட்டியையே கோராக வைத்தால், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்பாயம் அக்கட்டியினுள்ளேயே சுழல் மின்னோட்டங்களைத் தூண்டி அதைக் கொதிக்க வைத்துவிடும். ஆகவே இரும்பை அரை மில்லிமீட்டர் அல்லது அதனினும் மெல்லிய தகடுகளாக்கி, ஒன்றையொன்று மின்சாரம் தீண்டாதவாறு மேற்பூச்சிட்டு அடுக்கினர். இரும்போடு சிறிதளவு சிலிக்கான் கலந்ததில் வெப்பம் மேலும் குறைந்தது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதற்கு இத்தகடுகள் போதும். இன்றைய சிறு கருவிகளோ அந்த மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் சுழற்சிகளாக மாற்றி, விரற்கடையளவு மின்மாற்றியில் பெரிய வேலையை முடித்துக்கொள்கின்றன. அவ்வளவு வேகத்தில் இரும்புத் தகடு தாங்காது. அங்கேதான் ஃபெரைட் வருகிறது. 1930இல் டோக்கியோவில் கதோ யோகோரோ, தக்கேய் தக்கேஷி என்னும் இரு ஆய்வாளர்கள் கண்டறிந்த பொருள் அது. அதனை விற்பனைக்கு உருவாக்கவென்றே 1935இல் பிறந்த நிறுவனம், பின்னாளில் ஒலிநாடாக்களால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அறிமுகமான டிடிகே.

இரும்பின் ஆக்சைடோடு மாங்கனீசு, துத்தநாகம் போன்றவற்றின் ஆக்சைடுகளைப் பொடியாகக் கலந்து, அச்சில் அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட சூளையில் வேக வைத்து எடுப்பது ஃபெரைட். ஆதலால் இரும்பின் காந்த குணமும் மண்சட்டியின் நொறுங்கும் குணமும் ஒருங்கே வாய்த்தது அது. இரும்பு விழுந்தால் நெளியும். ஃபெரைட் விழுந்தால் உடையும். மேசையிலிருந்து தவறிய பெட்டியில் மற்ற உறுப்புகளெல்லாம் நலமாயிருக்க, கோர் மட்டும் இரண்டாகிக் கிடப்பதற்குக் காரணம் இதுவே.

மூன்று உடைவுகள்

ஒட்டினால் பிழைக்குமா என்பதற்கு விடை, உடைந்த கோர் எந்த வேலைக்காக வைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

எல்லாரும் அறிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். டிரான்சிஸ்டர் வானொலியைத் திறந்தால் உள்ளே நீளமான கரிய குச்சி ஒன்று, அதன்மேல் மெல்லிய கம்பிச் சுருள்களுடன் படுத்திருக்கும். நடுத்தர அலை நிலையங்களை ஈர்க்கும் ஏரியல் அது, அதுவும் ஃபெரைட்தான். வானொலி விழுந்தால் முதலில் முறிவது பெரும்பாலும் இக்குச்சியே. இதனை ஒட்டிவிட்டுக் கவலையின்றி இருக்கலாம். குச்சியின் ஒரு முனையிலிருந்து புறப்படும் காந்தக் கோடுகள் காற்றில் வளைந்து சென்றுதான் மறுமுனைக்குத் திரும்புகின்றன. பயணத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே காற்றில்தான். அதனோடு நூலிழையளவு காற்று மேலும் சேர்ந்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும்? சுருளைக் குச்சியின்மேல் சற்றே நகர்த்திச் சரிசெய்தால் நிலையம் பழைய இடத்திலேயே கேட்கும்.

அடுத்தது மூடிய கோர். கணினியின் மின்வழங்கிப் பெட்டியிலும் பெரிய இன்வெர்ட்டர்களிலும் உள்ள முதன்மை மின்மாற்றி இவ்வகையைச் சேர்ந்தது. 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் இரண்டு பாதிகள் எதிரெதிரே பொருந்தியிருக்கும். பொருந்தும் முகங்களைக் கண்ணாடிபோல் தேய்த்து மெருகிட்டிருப்பார்கள். இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. காந்தப்பாதையின் நீளம் 80 மில்லிமீட்டர் என்றும், காற்றைவிட ஃபெரைட் 2000 மடங்கு எளிதாகக் காந்தப்பாயத்துக்கு வழிவிடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இவை வழக்கமாகக் காணப்படும் அளவுகளே. 80ஐ 2000ஆல் வகுத்தால் 0.04. அதாவது, அந்த 80 மில்லிமீட்டர் ஃபெரைட் முழுவதும் சேர்ந்து தரும் தடையும், 0.04 மில்லிமீட்டர் காற்று தரும் தடையும் ஒன்றே. நடுக்கால் முறிந்து, ஒட்டிய இடத்தில் பசை 0.02 மில்லிமீட்டர் கனத்துக்கு நின்றுவிட்டால் மொத்தத் தடை ஒன்றரை மடங்காகிவிடுகிறது; சுருளின் தூண்டல் திறன் மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. தலைமுடியின் பருமனாகிய 0.07 மில்லிமீட்டருக்குப் பசை நின்றாலோ, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமாக எஞ்சும், அவ்வளவே. குறைந்த தூண்டலை ஈடுகட்டச் சுருள் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். அதைச் சுமக்க வேண்டியது முன்னால் நிற்கும் டிரான்சிஸ்டர். அது தாங்கும் மட்டும் தாங்கிச் சுட்டுப் பொசுங்கிப் போகும். கண்ணுக்குத் தெரியாத பசைப்படலம் செய்யும் வேலை இது.

மூன்றாவது வகைதான் நம் வீடுகளில் மிகுதி. கைப்பேசி சார்ஜர், டிவிடி பிளேயர், செட்டாப் பாக்ஸ் முதலியவற்றில் உள்ள சிறு மின்மாற்றிகளில், தொழிற்சாலையிலேயே வேண்டுமென்று ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். நடுக்காலைச் சற்றே குட்டையாகத் தேய்த்திருப்பார்கள். அல்லது கால்களுக்கிடையே மெல்லிய தாள் துண்டைச் செருகியிருப்பார்கள். இவ்வகை மின்மாற்றி ஆற்றலை ஒரு கணம் தன்னிடம் தேக்கி வைத்து, அடுத்த கணம் மறுபக்கம் கொடுப்பது. தேங்குமிடம் பெரும்பாலும் அந்த இடைவெளியே. இடைவெளி அரை மில்லிமீட்டர் என்றால் மொத்தத் தடை 0.54 மில்லிமீட்டர் காற்றுக்குச் சமம். அதில் பசையின் 0.02 சேர்ந்தால் 0.56, குறைவது நூற்றுக்கு நான்கு கூட இல்லை. மூடிய கோரைப் படுக்கையில் தள்ளிய அதே உடைவு இதற்கு வெறும் சிராய்ப்பு.

ஆனால் இதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. எங்கள் மதரஸாவின் ஒலிபெருக்கிப் பெட்டியில் அதனை நேரிலேயே கண்டேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து விழுந்த பெட்டியைப் பழுதுநீக்குவோர் ஒருவரிடம் கொடுத்தோம். மின்வழங்கியின் கோர் இரண்டு இடங்களில் முறிந்திருந்தது. அவர் கைத்திறன் உடையவர்தான். விரிசல் எங்கே என்று தேடிப் பார்க்கும்படி அழகாக ஒட்டியிருந்தார். மின்சாரம் கொடுத்த மாத்திரத்தில் வெடிச் சத்தம். ஃபியூஸும் போயிற்று, மாஸ்ஃபெட் என்னும் விசை டிரான்சிஸ்டரும் போயிற்று. பிறகு முதியவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். அவர் கோரைக் கழற்றி, ஒரு காலின் முகத்தில் ஒட்டியிருந்த தாளின் சிறு எச்சத்தைக் காட்டினார். முதலில் பார்த்தவர் குப்பை என்று கருதிச் சுரண்டி எறிந்தது அந்தத் தாளைத்தான். இடைவெளி போனதும் கோர் மிக விரைவில் தெவிட்டு நிலையை அடைந்துவிட்டது; அதற்கு மேல் ஒரு துளிக் காந்தப்பாயமும் அதில் ஏறாது. அந்நிலையில் சுருள் என்பது வெறும் செப்புக்கம்பிதான். மின்னோட்டம் மடைதிறந்து பாயாமல் என்ன செய்யும்?

அந்த முதியவர் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு பிற்பகல் கழிந்தது. பக்கத்து மஹல்லாவில் அதே மாதிரியான பெட்டி இருப்பதாகச் சொன்னோம். அதை வாங்கி வரச் செய்து, அதன் மின்மாற்றியை ஒரு பக்கம் விடுவித்து, தூண்டல் திறனை அளந்து குறித்துக்கொண்டார். எங்கள் கோரின் கால்களுக்கிடையே மெல்லிய பாலியெஸ்டர் தாளை ஒன்று, இரண்டு என்று வைத்து வைத்து அளந்து, இரண்டு எண்களும் ஒத்துவந்த பின்னரே பசைக்குப்பியைத் திறந்தார்.

ஒட்டுகிற விதம்

உடைந்த துண்டுகள் அனைத்தும் கிடைத்தாக வேண்டும். அரிசிக் குருணையளவு சில்லாக இருப்பினும் சரி. சில்லு உள்ளேயே தங்கிவிட்டால் வேறொரு கேடும் உண்டு. மின்வழங்கிகளில் பயன்படும் ஃபெரைட் முற்றிலும் மின்கடத்தாப் பொருளன்று. சுற்றுப்பலகையில் இரண்டு முனைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் பாலம் போட்டுவிடும். கூரிய விளிம்போ கம்பியின் எனாமல் பூச்சைக் கீறிவிடும்.

பெட்டியைத் திறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, பெரிய மின்தேக்கியில் எஞ்சியிருக்கும் மின்சாரத்தைத் தடையம் ஒன்றின் வழியே மெல்ல வடிப்பது. 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்சாரமாக்கப்பட்டு அதில் தேங்கும்போது 325 வோல்ட் அளவுக்கு நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் நிற்கும். வீட்டார் இப்பெட்டிகளைத் திறக்கலாகாது என்று நாம் சொல்வது இதன் பொருட்டே.

அடுத்த இடைஞ்சல், உடைந்த கோரைச் சுருளிலிருந்து பிரித்தெடுப்பது. தொழிற்சாலையில் வார்னிஷில் தோய்த்திருப்பார்கள். திருப்புளியைக் கொடுத்து நெம்பினால் இரண்டு துண்டு நான்காகும். வெப்பக்காற்றைத் தொலைவிலிருந்து காட்டி, சிறுகச் சிறுகச் சூடேற்றினால் வார்னிஷ் இளகும். கையால் ஆட்டி உருவிவிடலாம். அவசரப்பட்டு ஒரே இடத்தில் சூட்டைப் பாய்ச்சினாலும், சூடான கோரை ஈரத் துணியில் வைத்தாலும், அடுப்பிலிருந்து இறக்கிய கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றிய கதைதான். முதல் சுருளுக்கும் இரண்டாம் சுருளுக்கும் நடுவே சுற்றியுள்ள மஞ்சள் நிற நாடாவில் கத்தி படவே கூடாது. வீட்டு மின்சாரத்துக்கும் நம் கைக்கும் இடையே இருக்கும் வேலி அதுதான்.

துண்டுகளைச் சாராயத்தன்மையுள்ள துடைப்புத் திரவத்தால் துடைத்து உலரவிட வேண்டும். உடைந்த முகத்தை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பவர் உண்டு. நன்றாகப் பிடிக்கட்டும் என்று நினைத்துச் செய்வது அது. மரத்துக்கு அது சரி. ஃபெரைட்டின் உடைவில் உள்ள மேடுபள்ளங்கள் ஒன்றுக்கொன்று பூட்டுச் சாவி போலப் பொருந்துபவை. தேய்த்தால் அப்பொருத்தம் கெட்டு, எஞ்சுவது வெறும் இடைவெளி. முதலில் பசையில்லாமலே பொருத்திப் பார்க்க வேண்டும். விரிசல் மயிர்க்கோடாக மறைந்துவிட்டால் பொருத்தம் சரி. அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்போல் நெகிழ்ந்த, நொடியில் ஒட்டும் பசையை விளிம்பில் ஒரு சொட்டு வைத்தால், திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது தானே உள்ளே ஊர்ந்துவிடும். ஃபெவிக்விக் போன்றவை இவ்வகையின. பசையை முகத்தில் தடவிய பின் சேர்ப்பதைவிட, சேர்த்த பின் பசை கொடுப்பதால் படலம் மெல்லியதாகிறது. இவ்வகைப் பசை சூட்டுக்கு இளகக் கூடியது. தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தை நெருங்கும்போது பிடிப்பு தளர்ந்துவிடும். ஆகவே அரால்டைட் போன்ற இரு கலவைப் பசையை வெளிப்புறத்தில் மட்டும் பூசி, கோரைச் சுற்றிலும் வெப்பம் தாங்கும் நாடாவை இறுக்கிச் சுற்றுவார்கள். பசை பிடிக்கும்வரை துணிக்கிளிப்பே போதும். ஒரு நாள் அசையாமல் கிடக்கட்டும்.

பிறகு மின்சாரம் கொடுக்கும்போது, 60 வாட் அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துக் கொடுப்பது பழைய தொழிலாளர்களின் வழக்கம். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளீரென எரிந்து, மின்னோட்டத்தைத் தான் வாங்கிக்கொள்ளும், டிரான்சிஸ்டர் தப்பும். எங்கள் பெட்டிக்கு முதன்முறை இந்தப் பல்பு போடப்பட்டிருந்தால் வெடிச் சத்தமே கேட்டிராது. நொடியில் ஒரு முறை பளிச்சிட்டு அணைந்து, பிறகு மங்கலாக நின்றால் நல்ல அறிகுறி. இன்று குண்டு பல்பு கடைகளில் அருகி வருவதால், கிடைத்ததைப் பொன்போல் பொத்தி வைத்திருக்கும் பட்டறைகளைப் பார்க்கிறோம்.

வேறொரு பழைய பலகையிலிருந்து கோரைக் கழற்றி மாட்டினால் என்ன என்று கேட்கலாம். வடிவமும் அளவும் ஒத்திருந்தால் மட்டும் போதாது. எல்லா ஃபெரைட்டும் கறுப்புதான். கலவை வேறு, இடைவெளி வேறு. எண் பொறித்திராத கோரை மாட்டுவதைவிட, உடைந்த சொந்தக் கோரை ஒட்டுவதே பெரும்பாலும் மேல். இம்மின்மாற்றிகள் அந்தந்தக் கருவிக்கென்றே அளவெடுத்துச் செய்யப்படுபவை. சென்னை ரிச்சி தெரு முழுவதும் அலைந்தாலும் அதே ஒன்று கிடைப்பது அரிது.

ஒட்டக் கூடாதவையும் உள்ளன. கைப்பேசி சார்ஜர் உடைந்தால் அதைச் செப்பனிடச் சொல்லாதீர்கள். அதன் மறுமுனை குழந்தையின் கையில் இருக்கும். இரு சுருள்களுக்கும் இடையிலுள்ள வேலி சிதைந்திருந்தால் வீட்டு மின்சாரம் நேரே அக்கைக்கு வரும். சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த வேண்டிய இடம் அதுவன்று. நோயாளியின் மூச்சுக்கோ மருந்துக்கோ துணைநிற்கும் கருவிகளையும் தெருமுனைப் பட்டறையில் கொடுக்கலாகாது. வளையக் கோர் உடைந்தால் அதன்மேல் சுற்றிய கம்பி முழுவதையும் அவிழ்த்தாக வேண்டும்; அதுவும் பெரும்பாலும் வீண் வேலை.

தகட்டுக் கோரின் நோய்கள்

பரணில் கிடக்கும் பழைய வால்வு வானொலிகள், பள்ளிவாசல்களில் பல்லாண்டு பாங்கொலியைச் சுமந்த கனத்த ஆம்ப்ளிஃபயர்கள் ஆகியவற்றின் கோர் இரும்புத் தகடு. அது உடையாது; ஆனால் தளரும், துருப்பிடிக்கும். தளர்ந்த கோர் இரையும். 50 சுழற்சியில் தகடு நொடிக்கு 100 முறை மிக நுண்ணியதாக நீண்டு சுருங்குவதால் எழும் ரீங்காரம் அது. திருகாணிகளை இறுக்கி, வார்னிஷில் தோய்த்து உலர்த்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். திருகாணியைச் சுற்றியுள்ள தாள் குழலைக் காணோமே என்று விட்டுவிடாமல், புதியது சுற்றிப் போட வேண்டும். இல்லையேல் பூச்சிட்டுப் பிரித்து வைத்த தகடுகளையெல்லாம் திருகாணியே ஒன்றாக்கி, சுழல் மின்னோட்டத்துக்கு வழி திறந்துவிடும்.

கம்பி எரிந்து புதிதாகச் சுற்றும்போது தகடுகளைக் கழற்றுவார்கள். திரும்ப அடுக்கும்போது கடைசிச் சில தகடுகள் நுழைய மறுக்கும். 70 தகடுகள் உள்ள அடுக்கில் இரண்டு விடுபட்டால் பெரிய தீங்கில்லை. பத்து விடுபட்டால் கோர் ஏழில் ஒரு பங்கு மெலிகிறது; மீதியுள்ள இரும்பு அந்தச் சுமையையும் தாங்கி, எப்போதும் சூடாகவே இருக்கும். பொறுமையுள்ளவர் மரச்சுத்தியால் மெல்லத் தட்டி ஒவ்வொன்றாக ஏற்றுவார். பொறுமையற்றவர் இரும்புச் சுத்தியால் அடிப்பார். அடிபட்டு நெளிந்த தகட்டின் காந்தத் தரம் குறைந்துவிடும்.

வால்வு வானொலியைப் பிரிப்பவர் மற்றொன்றையும் கவனித்தாக வேண்டும். அதில் இரண்டு மின்மாற்றிகள் இருக்கும். மின்சாரம் வாங்கும் பெரியதில் தகடுகளை ஒன்று இப்புறம், ஒன்று அப்புறம் என மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். இடைவெளி இருக்கக் கூடாது. ஒலிபெருக்கிக்குச் செல்லும் சிறியதில், ஒரே வால்வு அதை இயக்கும் வானொலிகளில், எல்லாத் தகடுகளையும் ஒரே பக்கமாக அடுக்கி, எதிர்த் துண்டுக்கு நடுவே தாள் வைத்திருப்பார்கள். வால்வின் நேர்மின்னோட்டம் ஓயாமல் அதன் வழியே பாய்வதால், தெவிட்டாமலிருக்க அங்கே இடைவெளி வேண்டும். பிரித்தவர் நினைவில்லாமல் இரண்டையும் ஒரே விதமாக அடுக்கினால், ஒரு விதத்தில் பெரியது சூடேறிப் புகையும். மறு விதத்தில் சிறியது பாட்டின் கனத்த ஒலிகளையெல்லாம் விழுங்கிவிட்டுத் தகர டப்பாவைப் போலக் கத்தும். பிரிக்கும்போதே தாளில் வரைந்து வைத்துக்கொள்பவரிடம் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

வளைகுடாவிலிருந்து வந்த பழைய கருவிகள் உள்ள குடும்பங்களுக்கு ஒரு சொல். சவூதி அரேபியாவில் பல்லாண்டுகள் வீடுகளில் 127 வோல்ட், 220 வோல்ட் இரண்டும் இருந்தன. சுழற்சி அன்றும் இன்றும் 60. துபையில் நம் ஊர் போலவே 50. சவூதிக்கென்றே செய்யப்பட்ட, தகட்டுக் கோர் மின்மாற்றி கொண்ட கருவியை 220 என்று திருப்பி வைத்து நம் ஊர் 230 வோல்ட், 50 சுழற்சியில் இணைத்தால், கோரில் ஏறும் காந்தப்பாயம் வடிவமைத்த அளவைவிடக் கால் பங்கு கூடும். சில மின்மாற்றிகள் தாங்கும். சில தெவிட்டி, இரைந்து, சூடேறும். அதை 'கோர் பழுது' என்று நினைத்துச் செலவழிப்பவர் உண்டு. கோரில் பழுதொன்றும் இல்லை. பின்புறத் தகட்டில் 50/60 என்று இரண்டு எண்களும் பொறித்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. 60 மட்டும் இருந்தால், நெடுநேரம் ஓட விடலாகாது.

கூலியைப் பற்றியும் கொஞ்சம். கோரைக் கழற்றி, ஒட்டி, ஒரு நாள் உலரவிட்டு, அளந்து, பல்பு போட்டுச் சோதித்து, சில மணிநேரம் ஓடவிட்டுப் பார்ப்பதென்றால், பசையின் விலை பத்து ரூபாயாக இருக்கலாம். கையின் விலை அதுவன்று. "ஒரு சொட்டுப் பசைக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுவதை நானே பட்டறை வாசல்களில் கேட்டிருக்கிறேன். அப்படிப் பேரம் பேசி வாங்கிச் செல்பவருக்கு அன்று மாலையே பெட்டி கிடைத்துவிடும், அளக்காமலும் சோதிக்காமலும்தான். கொடுக்கும்போதே நாளைக்கு வேண்டும் என்று நெருக்காமல், "மூன்று நாள் வைத்திருந்து ஓட்டிப் பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். பெட்டிக்குள் உருண்ட துண்டுகள் வெளியே விழுந்திருந்தால், ஒன்றுவிடாமல் தாளில் மடித்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.